உப்புச் சப்பில்லாத பதிவு

பேராசிரியரின் சட்டைக் கையில் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டேப்ளர் பின் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. அவர் அந்தப் பின்னை ஒரு முறை பார்த்துவிட்டு, எதையும் பார்க்காதவர்போல் பேராசிரியர் அறையின் மூலையில் இருந்த அலமாரியை நோக்கித் திரும்பிக்கொண்டார். அண்ணி அப்படித் திரும்பினால் எதையோ மனதில் முடிந்து வைத்துக்கொண்டார் என்று அர்த்தம். என்னிடம் சொல்ல மாட்டார். நான் உதவியாளன் என்பது சம்பளம் கொடுக்கும் நாளில் மட்டும்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துப்பறியும் நிறுவனத்தை ஆரம்பித்தது என் அண்ணன். போன வருடம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. பதினாறு நாள் கழித்து அதே நாற்காலியில் அண்ணி வந்து உட்கார்ந்து, "அடுத்த கேஸ் என்ன, வாலு?" என்றார். அண்ணன் பின்னாலேயே சுற்றியதால் எனக்கு வந்த பெயர் அது. தலை போன பிறகும் வால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அண்ணன் போன அதே வாரம் எங்கள் அலுவலக மாடிப்படியில் பல்பும் அணைந்தது. "மாத்திடட்டுமா அண்ணி?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "இருக்கட்டும்" என்பார். அந்த பல்பை எப்போதும் அண்ணன்தான் மாற்றுவான். படியில் தடுக்கி விழும் வாடிக்கையாளர்களிடம், "துப்பறியற ஆபீஸ்னா கொஞ்சம் மர்மம் இருக்கணும் சார்" என்று நான் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

பேராசிரியருக்கு மர்மம் பிடிக்காது என்பது அவர் பேசும் விதத்திலேயே தெரிந்தது.

"துணையை இழந்தவங்களுக்குத் தூக்கம் வராது. அவங்களுக்காக நான் ஒரு ஆறுதல் பேச்சு எழுதினேன். ஹெட்போன்ல கேட்கணும். அது பலன் தருதான்னு பார்க்கறதுதான் இந்தச் சோதனை. வந்தவங்களைச் சீட்டுக் குலுக்கி ரெண்டு குழுவாப் பிரிச்சோம். ஒரு குழுவுக்கு என் பேச்சு. இன்னொண்ணுக்கு உப்புச் சப்பில்லாத ஏதோ ஒரு பேச்சு. அதே அறை, அதே நாற்காலி, அதே குரல், அதே நேரம். வார்த்தை மட்டும்தான் வேற."

"ரெண்டாவது குழு எதுக்கு சார்?" என்றேன். "ஏற்கனவே நொந்து போனவங்க. அவங்களை உட்கார வெச்சு வேற அறுக்கணுமா?"

"நாள் போகப் போக மனுஷன் தானாவே கொஞ்சம் தேறுவான். நம்மளை யாரோ கவனிக்கறாங்கன்னு தெரிஞ்சாலே கொஞ்சம் தேறுவான். அதையெல்லாம் கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு பார்த்தாத்தானே என் பேச்சோட பலன் தெரியும்?"

"ரெண்டு தொட்டி," என்றார் அண்ணி. "ஒரே மண்ணு, ஒரே வெயில், ஒரே தண்ணி. ஒண்ணுக்கு மட்டும் உரம்."

"அதேதான்!"

"இப்ப உரம் போடாத தொட்டியில பூத்திருக்கு. அதானே பிரச்சினை?"

பேராசிரியரின் முகம் சுண்டிப்போனது.

"பூக்கலை. பூக்க வெச்சிருக்காங்க. என் பேச்சைக் கேட்டவங்க இன்னும் விடிய விடிய முழிச்சிருக்காங்க. சும்மா உட்கார்ந்தவங்க தூங்கறாங்க, சாப்பிடறாங்க, சிரிக்கறாங்க! இது நடக்கவே முடியாது. என் ஆய்வு மாணவிதான் பதிவுகளை இடம் மாத்திட்டா. சாயங்காலம் ஒழுங்குக் குழு கூடுது. அத்தோட அவ படிப்பு முடிஞ்சுது. எனக்கு வேண்டியது ஆதாரம்."

"அந்த உப்புச் சப்பில்லாத பேச்சு என்ன பேச்சு?"

"எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும், வர்றவங்க அதைப் படிச்சுடுவாங்க." அலமாரியைப் பார்க்காமலேயே அதை நோக்கிக் கையை ஆட்டினார். "அதுல பழைய பதிவுங்க நிறையக் கிடக்கு. சலிப்பா ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோ, எதுன்னு என்கிட்ட சொல்லாதேன்னு சாவியை அவகிட்ட கொடுத்தேன்."

"நீங்க திறக்கறதில்லையா?"

"இல்லை."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பிறகு எங்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் பேனாவைப் பார்த்தேன், விலை உயர்ந்த பேனா. அண்ணி எதைப் பார்த்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மாணவி சோதனை அறையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு ஹெட்போன். அழுது முடித்த கண்கள். இந்தப் படிப்புக்காக வீட்டாரோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனவள் என்று வாசலில் யாரோ சொல்லியிருந்தார்கள். சாயங்காலத்தோடு அதுவும் இல்லை என்றால் அவள் எங்கே போவாள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

"நீ மாத்தினியாம்மா?" என்று அண்ணி நேராகக் கேட்டார்.

"இல்ல மேடம். நீங்களே கேட்டுப் பாருங்க."

முதல் பதிவைப் போட்டாள். நிதானமான ஒரு பெண் குரல், துயரம் என்பது மனிதனின் ஆழத்தை அவனுக்கே காட்டும் விளக்கு என்று தொடங்கியது. நல்ல தமிழ். மூன்றாவது வாக்கியத்தில் நான் கொட்டாவி விட்டேன். இரண்டாவது பதிவிலும் அதே குரல். "குழாய் சொட்டினால் முதலில் அடியில் இருக்கும் வால்வை மூடுங்கள்" என்றது. அப்புறம் அவள் வேகமாக ஓட்ட ஓட்ட, சட்டைக்கு இஸ்திரி போடுவது, பொத்தான் தைப்பது என்று தலைப்புகள் மட்டும் காதில் விழுந்தன. "பல்பு எரியவில்லை என்றால் உடனே புதியது வாங்க ஓடாதீர்கள். முதலில் அதை..."

"போதும், நிறுத்தும்மா," என்றார் அண்ணி.

ஏதோ துப்பு கிடைத்துவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அண்ணி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதிவு இடம் மாறலை," என்றார் கடைசியில். "யாருக்கு எதுன்னு யார் முடிவு பண்றது?"

"சீட்டுல வந்த நம்பரை மெஷின்ல அடிச்சா அதுவாப் போடும். உள்ள கூட்டிட்டு வர்ற உதவியாளருக்குக்கூட எது ஓடுதுன்னு தெரியாது."

"சரி. இந்தக் குழாய் ரிப்பேரை எழுதினது யாரு?"

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதை மட்டும் கேட்காதீங்க மேடம்."

"படிப்பு போயிடுமே?"

"போனாப் போகட்டும்."

வெளியே வந்ததும் நான், "கேஸ் முடிஞ்சுது அண்ணி. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது. அவதான்," என்றேன்.

"குத்தமுள்ளவ பொய் சொல்லியிருப்பா, வாலு. இவ சொல்லவே மாட்டேங்கறா. பொய்யும் இல்லாம உண்மையும் இல்லாம ஒருத்தி வாயை மூடறான்னா, அது இன்னொருத்தருக்காக." பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "சோதனைக்கு வந்தவங்கள்ல ரெண்டு பேர் நம்மளைப் பார்க்கச் சம்மதிச்சிருக்காங்க இல்ல? யார் எந்தக் குழுன்னு மாணவி உன்கிட்ட சொன்னாளா?"

"சொன்னா. முதல்ல நாம போற..."

"மூச்! என்கிட்ட சொல்லாதே. தெரிஞ்சுட்டா என் கண்ணு அதை மட்டும்தான் தேடும்."

முதல் வீடு ஒரு பள்ளித் தலைமையாசிரியையுடையது. கணவர் போய்ச் சில மாதங்கள். வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அண்ணி பதிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டு, அவருடனேயே சமையலறைக்குள் போனார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்காமல் இருக்க அடியில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டிருந்தார்கள்.

"அவர் இருந்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடுவாரு," என்றார் தலைமையாசிரியை. ஆயிரம் பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்துகிறவர், அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

தெருவுக்கு வந்ததும் அண்ணி சொன்னார்: "இவங்க ஆறுதல் பேச்சு கேட்டவங்க."

நான் வாயைப் பிளந்தேன். சரிதான்.

இரண்டாவது வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கதவைத் திறந்தவரின் சட்டையில் பொத்தான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிற நூலில், ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அண்ணி அங்கேயே என் காதில், "குழாய்ப் பேச்சு" என்றார். அதுவும் சரி. பேசாமல் ஜோசியக் கடை போட்டுவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன், எடுபடவில்லை.

"இதையெல்லாம் யாருங்க தைச்சது?" என்று அண்ணி டிரைவரைக் கேட்டார்.

"நாந்தாம்மா! பார்த்தா தெரியலையா லட்சணம்?" அவர் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். "நொட்டாங்கையால தைச்சா வேற எப்படி வரும்?"

"நீங்க இடது கைக்காரரா?"

"ஐயே, இல்லம்மா. நான் சோத்துக் கைக்காரன்தான். ஹெட்போன்ல அந்தம்மா அப்படித்தான் சொல்லிச்சு. ஊசியை இடது கையில பிடிங்க, பொத்தானை வலது கட்டை விரலால அழுத்திக்கோங்கன்னு. எனக்கு என்ன தெரியும்? அதுதான் முறை போலன்னு அப்படியே பண்ணிட்டேன். விரல் பூரா ஓட்டை." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. "என் சம்சாரம் போனப்புறம் எல்லாரும் வந்து தைரியமா இருங்க, தைரியமா இருங்கன்னாங்க. சரி, தைரியமா இருந்துட்டு என்ன பண்றது? யாரும் சொல்லலை. இந்தம்மாதான் ஊசியை எடுன்னு சொல்லிச்சு. முதல் பொத்தான் தைச்ச அன்னைக்கு, அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டே தூங்கிட்டேம்மா."

பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னலில் நின்றபோது அண்ணி என் தோளைத் தட்டினார்.

"வாலு, ஊருக்கே பொத்தான் தைக்கச் சொல்லிக் கொடுக்கறவங்க ஊசியை எந்தக் கையில பிடிக்கச் சொல்வாங்க?"

"கையில பிடின்னுதான் சொல்வாங்க. எந்தக் கைன்னு எதுக்குச் சொல்லணும்?"

"இடது கைன்னு சொன்னா?"

"இடது கைக்காரங்களுக்குச் சொல்றாங்க."

"அப்ப அந்தப் பேச்சு ஊருக்குச் சொன்னது இல்லை. ஒரே ஒரு ஆளுக்குச் சொன்னது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேராசிரியர் வலது மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரம். விலை உயர்ந்த பேனாவைப் பிடித்திருந்த இடது கை. பொத்தானுக்குப் பதில் ஸ்டேப்ளர் பின். எல்லாம் என் மூக்குக்கு முன்னால்தான் இருந்தது. நான் பேனாவின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாங்கள் அவர் அறைக்குப் போனபோது பேராசிரியர் விசாரணைக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒழுங்குக் குழுவின் முன்னால் போகத் தயாராக நின்றார். மாணவி சுவரோரம் நின்றாள்.

"ஆதாரம் கிடைச்சுதா?" என்றார்.

"கிடைச்சுது. உட்காருங்க சார்." அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. "உங்க மனைவி போய் எவ்வளவு நாளாச்சு?"

கோப்பு மேஜைக்கு வந்துவிட்டது. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"போறதுக்கு முன்னாடி அந்த அலமாரியில உங்களுக்காக ஏதோ வெச்சுட்டுப் போயிருக்காங்க."

"வெச்சா." அவர் ஸ்டேப்ளர் பின்னைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு சின்ன ரெக்கார்டர். நான் போனப்புறம் கேளுங்கன்னா. நான் கேட்கலை."

"ஏன்?"

"கேட்டா முடிஞ்சுடும்மா. கேட்காத வரைக்கும், அவ என்கிட்ட பேசறதுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

அண்ணி மாணவியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"அது உங்க மனைவி குரல்னு முதல்ல எனக்குத் தெரியாது சார்," என்றாள் மாணவி. "எடுத்த உடனே குழாய், வால்வுன்னு ஓடிச்சு. உலகத்துலயே இதை விட உப்புச் சப்பில்லாதது கிடைக்காதுன்னு சந்தோஷப்பட்டேன். நடுவுல வந்த வீட்டுப் பேச்சை விட்டுட்டு வேண்டிய அளவுக்கு எழுதி எடுத்து, உங்க பேச்சைப் படிச்ச அதே அம்மாவையே இதையும் படிக்க வெச்சேன். பலன் தலைகீழா வந்தப்புறம்தான், என்னடா இதுன்னு அசல் பதிவைக் கடைசி வரைக்கும் கேட்டேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"எதுன்னு என்கிட்ட சொல்லாதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க." அவள் அலமாரிச் சாவியை எடுத்தாள். "சொன்னா விசாரணையில அதைப் போட்டுக் கேட்பாங்க. நீங்க கேட்கறதுக்கு முன்னாடி அத்தனை பேர் கேட்பாங்க. எனக்கு மனசு வரலை."

அலமாரியைத் திறந்து ரெக்கார்டரை எடுத்து மேஜையில் வைத்தாள். பேராசிரியரின் இடது கை அதை நோக்கி நீண்டு பாதியில் நின்றது. அண்ணிதான் பட்டனை அழுத்தினார்.

இளைத்துப்போன ஒரு குரல். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டது. ஆனால் அதில் அழுகை இல்லை, அதட்டல்தான் இருந்தது.

"...ஊசியை உங்க கையில பிடிங்க, இடது கையில. நான் சொல்லிக் கொடுத்தா வலது கையில வரும், உங்களுக்குக் குழப்பமாயிடும்னு நானே இடது கையில தைச்சுப் பழகிட்டுச் சொல்றேன். சிரிக்காதீங்க. எனக்கு மூணு நாளாச்சு."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். குரல் பொத்தானை முடித்து, நூலை முடிச்சுப் போடச் சொல்லி, பல்பு வரைக்கும் வந்து, கொஞ்சம் ஓய்ந்தது. பிறகு வேறு மாதிரி வந்தது.

"அவ்வளவுதாங்க. இதெல்லாம் கத்துக்கிட்டா நான் இல்லாம நீங்க நல்லா இருந்துடுவீங்க. அதை நினைச்சா எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு. இருந்தாலும் கத்துக்கோங்க."

ஒரு சின்ன 'டிக்'. அவ்வளவுதான்.

அவர் அழுத அழுகையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பெரிய மனிதர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நடுவில் திக்கித் திக்கிச் சொன்னார்: "யாராவது எனக்குச் சொல்ல மாட்டாங்களான்னு ஏங்கினதையெல்லாம்தான் அந்தப் பேச்சுல எழுதினேன்..."

"நல்ல பேச்சு சார்," என்றார் அண்ணி. "ஆனா கேட்டுட்டு வீட்டுக்குப் போனா குழாய் சொட்டுது. போனவங்க விட்டுட்டுப் போன வேலை அப்படியே நிக்குது. அதைப் பார்த்துட்டே எப்படித் தூங்கறது? நீங்க ஒண்ணுமே இல்லாத தொட்டின்னு நினைச்சதுலதான் உரம் இருந்திருக்கு. இது என் யூகம்தான். நிரூபிக்க வேண்டியது இந்தப் பொண்ணு."

"மறுபடி பண்ணணும் சார்," என்றாள் மாணவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மூணு குழுவா. மூணாவது பேச்சு உண்மையாவே உப்புச் சப்பில்லாததான்னு முன்னாடியே நாலு பேர்கிட்ட கொடுத்துப் பார்த்துடணும்."

"என் பேச்சைப் போடுங்க," என்றேன். "அண்ணி அதைக் கேட்டு ஒரு நாளும் அசைஞ்சதில்லை."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பேராசிரியர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோப்பை மேஜையிலேயே விட்டுவிட்டு மாணவியோடு ஒழுங்குக் குழுவின் அறைக்குப் போனார். கதவு மூடும் முன் அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. "இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. உப்புச் சப்பில்லைன்னு நான் எதை நினைச்சேனோ, அதை நான் கேட்டுப் பார்க்கவே இல்லை. தப்பு என்னுது."

நாங்கள் அலுவலகம் திரும்பும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. படியில் வழக்கம்போல் இருட்டு. நான் சுவரைத் தடவிக்கொண்டு ஏறத் தொடங்கினேன்.

"வாலு, மேல இருந்து ஸ்டூலை எடுத்துட்டு வா."

"புது பல்பு இல்லையே அண்ணி? ஓடிப்போய் வாங்கிட்டு வரட்டுமா?"

"ஸ்டூலை மட்டும் எடுத்துட்டு வா."

ஸ்டூலை நான் பிடித்துக்கொள்ள, அண்ணி அதன்மேல் ஏறினார். புடவைத் தலைப்பால் பல்பின் தூசியைத் துடைத்தார். பிறகு மெல்லத் திருகினார்.

எரிந்தது.

பல்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அண்ணன் கடைசியாகப் போட்ட பல்பு. ஒரு வருடமாக எரியத் தயாராக அங்கேயே இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதன் அடியில் தடுக்கித் தடுக்கி ஏறிக்கொண்டிருந்தோம்.

அண்ணி கையை எடுக்கவில்லை. வெளிச்சத்தில் அவர் முகம் முழுவதும் நனைந்திருந்தது. எனக்கும் ஸ்டூலின் கால் கலங்கலாகத்தான் தெரிந்தது. பல்பு சூடாகிக்கொண்டிருந்தது.

"கை சுடப் போகுது அண்ணி. எடுங்க."

"இருக்கட்டும்," என்றார்.